தாய்க் கழகத்தைக் கடிந்துரைத்தல்

உதைபந்தாட்ட ரசிகன் பெரும்பாலும் பொறுமையுள்ளவன். தன் அணி தோற்பதைப் பொறுப்பான். மத்தியஸ்தரின் தவறான தீர்ப்பை, இரண்டு நாள் ஏசியாவது, பொறுப்பான். எதிர்க் கழகத்தார் வீதியிற் கண்டு நகையாடுவதையும் அடுத்த ஆட்டம் வரும்வரை பொறுத்துக்கொள்வான். அவன் பொறாதது ஒன்றுண்டு. நேற்றுவரை தன் கழகத்தின் சட்டையை அணிந்து ஆடிய ஒருவன் இன்று வெளியே நின்று அக் கழகத்தைக் குறை கூறுவதே அது. அச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தான்" என்று கொதிக்கின்றான். சிறிது நேரஞ் சென்றபின் தனித்திருந்து, "அவன் சொன்னதிலும் உண்மை இல்லாமலில்லை" என்று எண்ணுகின்றான். இவ்விரண்டு உணர்ச்சிகளும் ஒரே நெஞ்சில் எவ்வாறு குடிகொள்கின்றன, இவற்றுள் எதற்கு அவன் செவிசாய்த்தல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கம். கல்லூரி யூபிலி மலரில் இதற்கென்ன இடம் என்று வினவுவோர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். இது பழைய மாணவரைப் பற்றிய ஆராய்ச்சியுமாகும்.

அரியாலையில் உதைபந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. அங்குள்ள பயிற்சி நிலைய மைதானத்தில் ஆட்டம் நடைபெறும் மாலையில், எல்லைக்கோட்டருகே நிற்போரின் பேச்சைக் கேட்டால் இது விளங்கும். தம் அணி வென்றால், "அவர்கள் வென்றார்கள்" என்று ஒருவரும் சொல்வதில்லை. "நாங்கள் வென்றோம்" என்றே சொல்வர். ஒருநாளேனும் பந்தை உதைத்தறியாத முதியவரும் அந்த "நாங்கள்" என்பதனுள் அடங்குவர். அதே ஊர் வாலிபர் இரவிலே தொலைக்காட்சியின் முன்னமர்ந்து மான்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தின் ஆட்டத்தைப் பார்க்கும்போதும் "நாங்கள்" என்றே பேசுகின்றனர். அந்நகரைக் கண்ணாற் கண்டறியாதவர்க்கும் அக் கழகம் சொந்தமாகிவிடுகின்றது.

ஆட்டக்காரனுக்கும் ரசிகனுக்குமுள்ள வேறுபாடு இங்கேதான் பிறக்கின்றது. ஆட்டக்காரனுக்கு ஒப்பந்தமுண்டு, அதற்குக் காலவெல்லையுமுண்டு. எல்லை முடிந்தால் அவன் வேறிடஞ் செல்லலாம். ரசிகனுக்கு ஒப்பந்தமுமில்லை, விடுதலையுமில்லை. ஆதலின், "எங்கள் கழகம் தந்த புகழை வைத்துக்கொண்டு எங்கள் கழகத்தையே தாழ்த்துகின்றானே" என்ற எண்ணம் அவனுக்கு எழுவது இயல்பு. மாற்றாரின் வசையைப் பொறாமையென்று தள்ளிவிடலாம். உள்ளே வாழ்ந்தவனுடைய சொல்லை அவ்வாறு தள்ள முடிவதில்லை. அன்றியும், அதே குறையை ரசிகர் தமக்குள்ளே நாடோறும் பேசிக்கொள்பவரே. அடுக்களையிற் பேசியதைப் படலைக்கு வெளியே கேட்கும்போதுதான் நெஞ்சு சுடுகின்றது.

இவ்வுணர்ச்சி எவ்வளவு சிக்கலானது என்பதற்கு மான்செஸ்ரர் யுனைற்றெட்டின் அண்மைக்கால வரலாற்றிலேயே மூன்று சான்றுகள் உள.

முதலாவது றோய் கீன் என்பாரின் வரலாறு. 1993 இற் கழகத்திற் சேர்ந்து, 1997 முதல் அணித்தலைவராக விளங்கி, ஏழு முறை இங்கிலாந்தின் முதன்மைப் பட்டத்தை வென்ற அணிகளில் ஆடியவர் அவர். 2005 ஒக்ரோபரில் மிடில்ஸ்பரோ அணியிடம் 4 - 1 என்ற கணக்கில் யுனைற்றெட் தோற்றது. காயமுற்று ஆடாதிருந்த கீன், கழகத்தின் சொந்தத் தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியிலே சக ஆட்டக்காரர் சிலரைப் பெயர் சுட்டிக் கடிந்தார். கழகம் அதனை ஒளிபரப்பவில்லை. மூன்று வாரத்துள், நவம்பர் 18 இல், அவர் கழகத்தை விட்டு நீங்கினார். ஆயினும் ரசிகர் அவரைக் கைவிட்டனரோ? 2006 மே மாதத்தில் அவருக்காக நடத்தப்பெற்ற பாராட்டு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 70,000 பேர் திரண்டனர். வேலியின் உள்ளே நின்று, தன் இடத்தையே பணயமாக வைத்துப் பேசியவனை ரசிகர் வேறாகவே எடைபோட்டனர்.

இரண்டாவது, கரி நெவில். அவர் 1992 முதல் 2011 வரை வேறெக் கழகத்துக்கும் ஆடாது யுனைற்றெட்டுக்காகவே 602 ஆட்டங்களில் ஆடியவர். பின்னர்த் தொலைக்காட்சி விமர்சகரானவர். 2021 ஏப்ரில் 18 இல், ஐரோப்பாவின் பன்னிரண்டு பெருங்கழகங்கள் தமக்கென ஒரு தனிப் போட்டியை வகுத்து, தோற்றாலும் தாம் அதிலிருந்து இறக்கப்படாதவாறு ஏற்பாடு செய்துள்ள செய்தி வெளியாயிற்று. அவற்றுள் ஆறு இங்கிலாந்துக் கழகங்கள், யுனைற்றெட்டும் அவற்றுளொன்று. அன்றே நெவில், தம் பழைய கழகம் தமக்கு மிகுந்த வெறுப்பை ஊட்டிவிட்டதென ஒளிவுமறைவின்றிக் கூறினார். ரசிகர் அவரைத் துரோகியென்றிலர். தம் வாயிலிருந்த சொல்லையே அவர் சொன்னதாகக் கொண்டாடினர். இரண்டு நாளில் ஆறு கழகங்களும் பின்வாங்கின. எனினும், 2005 இற் கிளேசர் குடும்பத்தார் கடன்பட்டுக் கழகத்தை வாங்கி, அக் கடனைக் கழகத்தின் தலையிலேயே சுமத்தியபோது, அணியிலிருந்த நெவில் ஏன் வாய் திறந்திலர் என்று கேட்டோரும் உளர். அக் கேள்வியிலும் நியாயமுண்டு.

மூன்றாவது, கிறிஸ்ரியானோ றொனால்டோ. 2022 நவம்பரில், ஒப்பந்தம் முடியாதிருக்கையிலேயே, அவர் ஒரு நீண்ட பேட்டியளித்தார். கழகத்தின் உரிமையாளர் கழகத்தைப் பேணவில்லை என்றார்; 2013 இல் அலெக்ஸ் பேர்கசன் ஓய்வுபெற்ற பின்னர்க் கழகத்தின் வசதிகள் முன்னேறவில்லை என்றார். இவை ரசிகர் ஆண்டாண்டாகக் கூறிவந்த குறைகளே. எனினும் ரசிகருட் பலர் முகஞ்சுளித்தனர். அதற்கு முந்தின மாதத்தில்தான், மாற்று ஆட்டக்காரனாக இறங்க மறுத்து, ஆட்டம் முடியுமுன்னரே அவர் மைதானத்தை விட்டு வெளியேறியிருந்தார். பயிற்றுநரைத் தாம் மதிப்பதில்லை என்றும் அப் பேட்டியிலேயே கூறினார். பொதுக்குறை சொந்தக் குறையின் தோளிலேறி வந்தமையால், உண்மையும் தன் மதிப்பை இழந்தது. நவம்பர் 22 இல் அவருடைய ஒப்பந்தம் முடிவுற்றது.

ஆகவே, "பழைய ஆட்டக்காரன் பேசலாமா, பேசலாகாதா" என்ற கேள்வியே பிழையென்பது எமது துணிபு. பேசுவோனின் நன்றியை மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்லல் ஆகாது. அவன் சொல் யாரை நோக்கி எய்யப்பட்டது? எப்போது எய்யப்பட்டது? எய்தபின் அவன் என்ன செய்தான்? இவையே கேட்கத்தக்க கேள்விகள்.

மூன்றாவது கேள்விக்கு ஒல்லாந்து தேசத்து யோகான் கிரைஃப் நல்ல எடுத்துக்காட்டாவார். அயாக்ஸ் கழகம் 1971, 1972, 1973 ஆகிய மூன்றாண்டும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது அதன் உயிர்நிலையாக நின்றவர் அவர். பிற்காலத்தில் மீண்டு வந்து ஆடிய அவருக்கு 1983 இல் அயாக்ஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. சினங்கொண்ட கிரைஃப் பரம்பரைப் பகைவரான ஃபையநூர்ட் கழகத்திற் சேர்ந்து, அவ்வாண்டே அதற்கு நாட்டின் முதன்மைப் பட்டத்தையும் கிண்ணத்தையும் வென்று கொடுத்தார். இதனினும் கொடிய கண்டனம் ஒரு கழகத்துக்கு இருக்க முடியாது. ஆயினும் 1985 இல் அவர் அயாக்ஸுக்கே பயிற்றுநராக மீண்டார். 2010 செப்டெம்பரில், அயாக்ஸ் மட்றிட் நகரிற் தோற்றபின், இது அயாக்ஸே அன்று என்ற கருத்தமையப் பத்திரிகையில் எழுதினார். எழுதியதோடு ஓயவில்லை. பழைய ஆட்டக்காரர் பலரைத் திரட்டி, இளைஞர் பயிற்சியைச் சீர்திருத்த வேண்டுமென நிருவாகத்தோடு போராடினார். வழக்கு நீதிமன்றம்வரை சென்றது. 2011 முதல் 2014 வரை நான்காண்டு தொடர்ந்து அயாக்ஸ் முதன்மைப் பட்டத்தை வென்றது. அவ் வெற்றி முழுவதும் அவராலேயே வந்ததென்று சொல்லுதல் மிகையாகும். 2015 இல் அவரே மனங்கசந்து மீண்டும் விலகினார். எனினும் 2016 இல் அவர் மறைந்தபின், கழகத்தின் விளையாட்டரங்கு 2018 இல் அவர் பெயரைத் தாங்கியது. வாழ்நாளெல்லாம் தன்னைக் கடிந்தவனின் பெயரையே கழகம் தன் வாயிலில் எழுதிக்கொண்டது.

நம் நாட்டுக் கதைப்பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இது புதிதன்று. இராவணனைக் கடிந்துரைத்தவன் வீடணன் ஒருவனே என்று நாம் எண்ணிவிடுகின்றோம். கும்பகருணனும் கடிந்துரைத்தான். ஒருவன் கேட்கப்படாமையால் வெளியேறினான்; மற்றவன் கேட்கப்படாதிருந்தும் போர்க்களஞ் சென்று மாண்டான். யார் செய்தது சரி என்று பட்டிமண்டபங்களில் இன்றும் வாதிடுகின்றோம். இருவர் சொல்லையும் கேளாது இலங்கை அழிந்தது என்பதில் மாத்திரம் வாதமில்லை. தவறு கண்டவிடத்து இடித்துரைப்பாரைப் பெறாத அரசன், பகைவர் இல்லாவிடினும் கெடுவான் என்பது வள்ளுவரும் உணர்த்திய கருத்தாகும்.

இனி அரியாலைக்கு வருவோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, கண்டி வீதி வழியே அரியாலையையும் செம்மணியையும் கடந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த மக்கட் பெருக்கோடு விளையாட்டுக் கழகங்களும் கலைந்தன. அதற்கு முன்னும் பின்னும் நாட்டை விட்டு அகன்றோர் பலர். ஒருகாலத்தில் இவ்வூர்ப் புழுதியிலே வெறுங்காலோடு பந்தடித்தவர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வாழ்கின்றனர். ஆட்டத்தின் முடிவை இரவோடிரவாகக் கேட்டறிகின்றனர். கிண்ணத்துக்கும் காலணிக்கும் பணமனுப்புகின்றனர். பின்னர், "எங்கள் காலத்தில் இப்படியா ஆடினோம்?" என்று தொடங்கி, அணித்தெரிவையும் நிருவாகத்தையும் பயிற்சியையும் குறை கூறுகின்றனர். அதற்கு ஊரிலிருந்து எழும் மறுமொழியும் யாவரும் அறிந்ததே: "அங்கையிருந்து கதைக்கிறது சுகம் அண்ணை, வந்து நடத்திப் பாருங்கோ."

இவ்விரு திறத்தாருக்கும் சொல்ல வேண்டுவன உள. வெளிநாட்டிலுள்ள பழைய ஆட்டக்காரர் முதலில் ஒன்றை உணர்தல் வேண்டும். ஊரிலே இன்று ஆடுபவன் பதினெட்டு அல்லது இருபது வயதுப் பிள்ளை. பகலில் வேலையோ படிப்போ முடித்து மாலையில் மைதானத்துக்கு வருபவன், சம்பளமின்றி ஆடுபவன். கோடிக்கணக்கிற் பணம் பெறுவோரைத் தொலைக்காட்சியில் ஏசும் அதே நாவால் அவனைப் பெயர்சொல்லிப் பலரறியத் தூற்றுதல் தகாது. கீனின் சொல்லும் இவ்விடத்திலேயே பிழைபட்டது. அவர் பெயர் சுட்டியோருட் சிலர் அனுபவம் நிரம்பாத இளைஞர். குற்றம் நிருவாகத்தில் இருப்பின் நிருவாகத்தைக் கேட்கவேண்டும், பிள்ளையைக் கேட்டலாகாது. மேலும், அனுப்பிய பணத்தைச் சொல்லின் விலையாகக் கருதலாகாது. பணம் அனுப்பாதவன் சொல்லும் உண்மையாயிருக்கலாம். அனுப்பியவன் சொல்லும் பிழையாயிருக்கலாம்.

ஊரிலே கழகத்தை நடத்துவோரும் ஒன்றை உணர்தல் வேண்டும். "வந்து நடத்திப் பார்" என்பது மறுமொழியன்று, வாயடைப்பு. வரமுடியாதவனுக்கு அதைச் சொல்லும்போது, அவன் அன்புக்கே கதவடைக்கின்றோம். குறை சொல்லுகின்றவன் இன்னும் "எங்கள் கழகம்" என்றே சொல்லுகின்றான் என்பதைக் கவனித்தல் வேண்டும். அஞ்சத்தக்கவன் ஏசுபவன் அல்லன். முடிவைக்கூட விசாரியாது விட்டுவிட்டவனே அஞ்சத்தக்கவன்; அவனுடைய கழகம் அவன் நெஞ்சில் இறந்துவிட்டது. அத்தகையோர் ஆண்டுதோறும் பெருகுகின்றனர். அவர்தம் பிள்ளைகளோ கழகத்தின் பெயரையும் அறியார்.

இதற்கு ஒரு சிறு வழி கூறுவோம். ஒவ்வொரு கழகமும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு மணி நேரத்தைப் பழைய ஆட்டக்காரருக்கென ஒதுக்கலாம். தொலைவிலுள்ளோர் பேசுவதற்கு இன்று கருவிகள் உள. அங்கே நிருவாகத்தைப் பற்றி எதுவுங் கேட்கலாம். இளம் ஆட்டக்காரரின் பெயர் மட்டும் சொல்லலாகாது என்று விதிக்கலாம். சொல்லப்பட்ட குறைகளை ஏட்டிற் பதிந்து, அடுத்த ஆண்டு அவற்றுக்கு விடையளிக்கலாம். முற்றத்திற் பேசப்படுவதை வீட்டினுள்ளே பேச இடங்கொடுத்தால், முற்றத்திற் பேசுவோர் குறைவர்.

இங்கே சொன்னவை கல்லூரிக்கும் பொருந்தும். பழைய மாணவனும் பழைய ஆட்டக்காரனே. கல்லூரிச் சின்னத்தை நெஞ்சிலணிந்து சில ஆண்டுகள் நின்று, பின்பு வேலிக்கு வெளியே சென்றவன். யூபிலி மலர்கள் புகழுரைகளால் நிரம்புவது வழக்கம், அது நன்றே. ஆயினும் தாய்க் கல்லூரியின் வகுப்பறையிலோ மைதானத்திலோ நூல்நிலையத்திலோ ஒரு குறையைக் கண்டு, அதனைச் சொல்ல வேண்டியவரிடத்தில் வேளையறிந்து சொல்லி, சொன்னதோடு அமையாது தோள் கொடுக்கவும் வருகின்ற ஒருவன், புகழுரை எழுதியவனுக்கு எவ்வகையிலும் குறைந்த மகன் அல்லன். அவனுக்கும் இக் கல்லூரியின் மண்டபத்தில் ஒரு நாற்காலி இருத்தல் வேண்டும். ஆசிரியரும் மாணவரும் அவன் சொல்லைப் பொறுமையோடு கேட்பாராக. அவனும் இன்று படிக்கும் பிள்ளைகளின் மனம் நோவாது சொல்வானாக.