மச்சமோ, மரக்கறியோ?

சென்ற கிழமை பாடம் முடிந்து நாம் புறப்படுகையில் மாணவன் ஒருவன் அருகே வந்தான். "ஐயா, அம்மம்மாவுக்குக் கால் விறைப்பு. டொக்டர் பி12 விற்றமின் குளிசை தந்திருக்கிறார். அவவோ, 'இது மச்சத்தில் எடுத்தது, தொடமாட்டேன்' என்கிறா. உண்மைதானோ?" என்று கேட்டான்.

மூதாட்டியின் ஐயம் காரணமற்றதன்று. 1926-இல் அமெரிக்க மருத்துவர் மைனட்டும் மேர்பியும் கொடிய சோகை நோயாளருக்கு நாள்தோறும் ஈரலை உண்ணக் கொடுத்தே குணங்கண்டனர். 1948-இல் இவ்விற்றமின் செந்நிறப் பளிங்காக முதன்முதல் பிரிக்கப்பட்டதும் ஈரலிலிருந்தே.

ஆயினும், இதனை ஆக்குவது விலங்குமன்று, தாவரமுமன்று, நுண்ணங்கிகளே. பசுவின் இரைப்பையில் வாழும் பற்றீரியா ஆக்கித் தருவதே அதன் பாலிலும் இறைச்சியிலும் சேர்கின்றது. அவ்வாறெனின், பற்றீரியாவையே நேரே வளர்த்துப் பெறலாகாதா?

பெறலாம். ஆனால் பற்றீரியா பொதுவாகத் தன் தேவைக்கு மிக அதிகமாக இதனை ஆக்குவதில்லை. சூடோமோனாசு இனமொன்று முதலில் இலீற்றருக்கு 0.6 மில்லிகிராமே தந்தது. ஆய்வாளர் அதன்மீது ஊதாக்கடந்த கதிரையும் இரசாயனங்களையும் செலுத்தி, பரம்பரை அலகுகளில் விகாரங்களை உண்டாக்கினர். அவ்வாறு தோன்றிய ஆயிரக்கணக்கான குடிகளுட் பெரும்பாலானவை பயனற்றவை. சற்று மிகுதியாக ஈந்த ஒன்றை மட்டும் தேர்ந்து, மீண்டும் விகாரப்படுத்தி, மீண்டும் தேர்ந்தனர். இவ்விற்றமினின் நடுவேயுள்ள கோபாற்று உலோகத்தையும், பீற்றுக்கிழங்குச் சீனிப்பாகையும் உணவாக ஊட்டினர். பல்லாண்டு முயற்சியின் பின் இலீற்றருக்கு 60 மில்லிகிராம் கிடைத்தது, நூறு மடங்கு! பிற்காலத்தில் பிரான்சிய ஆய்வாளர், இதனை ஆக்கும் பரம்பரை அலகுகளையே இனங்கண்டு, அவற்றைப் பெருக்கி விளைவை மேலும் உயர்த்தினர்.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 2.4 மைக்கிரோகிராம். எனவே, ஓர் இலீற்றரிலுள்ள 60 மில்லிகிராம் 25,000 பேரின் ஒருநாள் தேவைக்குச் சமம். வூட்வேட், எசென்மோசர் ஆகிய இரசாயன மேதைகள் 1972-இல் இதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டியதுண்மை. ஆயின் அதற்கு ஏறத்தாழ எழுபது படிகள் வேண்டியிருந்தன. ஆதலின் இன்றும் தொழிற்சாலைகள் நொதித்தலையே நம்பியுள்ளன.

இவ்வளவையும் மாணவனுக்கு விளக்கியபின், "அம்மம்மா நல்ல உறைமோர் பார்த்தெடுத்துத் தயிர் தோய்ப்பவதானே? இதுவும் அத்தகையதொரு வேலைதான் என்று சொல்" என்றோம்.

வாசகர்களுக்கும் இரண்டு சொல். பாலையும் தவிர்க்கும் சைவ உணவினர் இக்குறைபாட்டிற்கு எளிதில் ஆளாவர். முதியோருக்கோ உணவிலிருந்து இதனை உறிஞ்சும் ஆற்றலே குன்றும். காலம் தாழ்த்தினால் நரம்புப் பழுது முற்றாக நீங்காமலும் போகலாம். ஆகவே மருத்துவர் தந்ததை ஒதுக்கிவைத்தல் ஆகாது. ஒன்றை மட்டும் கவனிக்க: சில மருந்துகளின் மேலுறை, விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து பெறும் ஜெலற்றினால் ஆனது. விரதம் காப்போர் போத்தலின் சீட்டை வாசித்து, அவ்வுறையில்லாத குளிசையைக் கேட்டு வாங்குவார்களாக.