ஏட்டில் மட்டும் தேய்ந்தால் போதுமா?

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரங்களில் காப்பிப் பழம் பறிக்கும் காலம் வந்துவிட்டால் பல்பர் இயந்திரத்திற்கு ஓய்வில்லை. பறித்த பழத்தை அன்றே தோல் நீக்கியாக வேண்டும். தாமதித்தால் பழம் புளித்துக் கொட்டையின் தரம் கெடும், விலையும் இறங்கும். ஆகவே பல்பர் பழுதாவது தோட்டக்காரரின் ஒரு வருஷ உழைப்பையே பாதிக்கும். இயந்திரம் ஆண்டுதோறும் இழக்கும் மதிப்பைக் கணக்கில் எழுதுவதற்குத் தேய்மானம் என்று பெயர்.

இதைக் கணக்கிடுவதில் இரண்டு முறைகள் வழக்கத்தில் உள்ளன. ஒரு லட்ச ரூபாய் இயந்திரம் பத்து வருஷம் உழைக்கும் என்று கொண்டு, ஆண்டுக்கு 10,000 ரூபாய் கழிப்பது ஒன்று. எஞ்சிய மதிப்பில் ஒரு சதவிகிதத்தைக் கழித்துக்கொண்டே போவது மற்றொன்று. வருமான வரிக்குப் பெரும்பாலும் இரண்டாவது முறையே பின்பற்றப்படுகிறது. பொதுவான இயந்திரங்களுக்கு வீதம் 15 சதவிகிதம். முதல் வருஷம் 15,000 ரூபாய், அடுத்த வருஷம் 12,750 ரூபாய் கழியும்.

இந்த வீதத்தை 40 ஆக உயர்த்தினால் முதல் வருஷம் 40,000, பின்னர் 24,000, அதன் பின் 14,400. ஆக மூன்றே வருஷத்தில் 78,400 ரூபாய் கழிந்துவிடும். இதுவே துரிதத் தேய்மானம். முன்னால் மிகுதியாகக் கழித்தவருக்குப் பின்னால் கழிக்க மிச்சமிராது. எனவே வரி தள்ளுபடி ஆவதில்லை, தள்ளிப்போகிறது. அதுவரை பணம் தொழிலில் புரளும், அதுதான் லாபம்.

இச்சலுகையின் வலிமையைத் தமிழ்நாட்டின் காற்றாலைகள் காட்டின. 80 சதவிகிதத் தேய்மானம் கிடைத்த காலத்தில், வேறு தொழில்களில் லாபம் கண்டவர்கள் வரியைக் குறைக்கக் காற்றாலை நிறுவினர். அதனால் மின்சாரம் பெருகியது உண்மை. ஆயின் சலுகை, உற்பத்தியான மின்சாரத்தைப் பாராமல் போட்ட முதலையே பார்த்தது. 2012இல் அது நிறுத்தப்பட்டு, 2014இல் மீண்டும் வந்தது. 2017 ஏப்ரல் முதல் வீதம் 40 சதவிகிதமாகக் குறைந்தது.

தாண்டிக்குடியின் சிறு தோட்டக்காரருக்கு இதனால் என்ன பயன்? தாம் விளைவித்த பழத்தைத் தோல் நீக்கி உலர்த்தி விற்பவரின் வருமானம் பொதுவாக விவசாய வருமானம். அதற்கு மத்திய சர்க்காரின் வருமான வரி இல்லை. கொட்டையை முழுதும் பதப்படுத்தி விற்பவருக்குக்கூட வருமானத்தில் 25 சதவிகிதமே வரிக்கு உட்படும். ஆக 15,000 ரூபாய்த் தேய்மானம் அவருடைய வரிக்குரிய வருமானத்தில் 3,750 ரூபாயைத்தான் குறைக்கிறது. வரியே இல்லாதவருக்கோ துரிதத் தேய்மானம் ஏட்டுச் சுரைக்காய்.

சிறு தோட்டக்காரரைக் கைதூக்க வேண்டுமானால், இயந்திரம் வாங்கும் வேளையிலேயே மானியமும் குறைந்த வட்டிக் கடனும் கிடைக்க வேண்டும். தனியாக வாங்க இயலாதவர்கள் பயன்படுத்தப் பொதுப் பல்பர் நிலையங்கள் வேண்டும்.

தோட்டக்காரரின் கடமையும் ஒன்றுண்டு. தேய்மானத்தை எழுதிவைப்பதாலேயே பெட்டியில் பணம் சேர்ந்துவிடாது. லட்ச ரூபாய்ப் பல்பருக்கு விளைச்சல் விற்ற கையோடு ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தனியே போட்டுவந்தால், பழையது ஓயும் நாளில் புதியது வாங்கக் கந்துவட்டிக்காரரின் வாசலில் நிற்க வேண்டியிராது.