ஒரு தண்டோரா, இருபது கம்ப்யூட்டர்

குளத்தூரில் ஒரு சின்ன ஆபீஸ், இருபது கம்ப்யூட்டர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எல்லாம் ஏற்றினால் வாரமே போய்விடும். ஒன்றை மட்டும் பக்குவமாகத் தயாரித்து, அதன் நகலை மற்றவற்றுக்கு அனுப்புவதே சுலபம். தைவானில் உருவான 'குளோன்ஜில்லா' வீடு வீடாகப் போய்ச் சொல்வதில்லை. தண்டோராப் போட்டு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சொல்லிவிடும். காசும் கேட்காது! 20 ஜிகாபைட் நகலுக்கு, 100 மெகாபிட் சுவிட்சில் அரை மணி ஆகும். ஜிகாபிட் சுவிட்ச் என்றால், டிஸ்க்கும் ஈடு கொடுத்தால், சில நிமிஷங்கள்தான். வைஃபை வேண்டாம், வயர் போடுங்கள். ஆபீஸ் இண்டர்நெட்டோடும் இணைக்காதீர்கள். முகவரி கொடுப்பது யார் என்று இரண்டும் மல்லுக்கு நிற்கும்.

நகல் இறங்கினால் டிஸ்க்கில் முன்பிருந்தது அத்தனையும் அழிந்துவிடும். கணக்கு எழுதும் அம்மாள் மூன்று வருஷமாகச் சேர்த்தது எதில் இருக்கிறதென்று அவரையே கேட்டு, வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். பொத்தானை அப்புறம் அழுத்தலாம்.