பழி யாருக்கு, சுமை யாருக்கு?

குற்றம் உணர்ந்த கணத்திலேயே பாண்டியன் அரியணையில் உயிர்நீத்தான் என்று சிலம்பை நடத்தும்போது மாணவர்க்கு உரைக்கிறோம். நம் நாட்டிலோ பழி உரியவரை அடைய நெடுநாள் ஆயிற்று.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதென இலங்கை அறிவித்தது. பெருந்தொற்றே காரணம் என்றனர் ஆண்டோர். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ஷ உள்ளிட்டோர் மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பை மீறினர் எனத் தீர்ப்பளித்தது. நிறைவே. ஆயினும் 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்ட பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியில் 18 ஆகி, சமையல் எரிவாயுவையும் தொட்டது. பழி அவர்களுக்கு, சுமை நமக்கு.

வரி குறைந்த அன்று, அரசின் வருவாய்க்கு வழியென்ன என்று நாம் கேட்டோமா? வீழ்ந்தபின் பழி சுமத்துவதினும், முடிவெடுக்கும் நாளிலேயே கணக்குக் கேட்பதன்றோ குடிமக்கள் கடன்?