ஓசையும் வெக்கையும்: பழைய மோட்டார் வண்டிக்கு உள்ளுறை தெரிதல்

யாழ்ப்பாணத்து வீதிகளிலே ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழைய மோட்டார் வண்டிகள் இன்றும் ஓடுவதைக் காணும் வெளியூரார் வியப்பெய்துவர். நமக்கோ அவை வியப்புப் பொருள்கள் அல்ல; நம்மோடு உடன் வாழ்ந்தவை. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்திலே பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்போது சிறிதளவு பெற்றோலால் எஞ்சினை இயக்கிச் சூடேற்றி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரையும் முதியோரையும் மருத்துவமனை சேர்த்தவை இவ்வண்டிகள். 2009இல் போர் முடிந்தபின் புதிய வண்டிகள் பல வந்தன. எனினும், பழையவற்றை விற்க மனம் ஒப்பாது, புதுப்பித்து வைத்திருக்க விழைவோர் நம் பழைய மாணவருள்ளும் பலர் உளர். அவ்விழைவு போற்றத்தக்கது. அதனை நிறைவேற்றும் முறை பற்றியே சில கூறக் கருதினேன்.

இவ்வண்டிகளில் ஏறியிருப்போர் கூறும் குறைகள் இரண்டு. ஒன்று, பக்கத்திலிருப்பவரோடும் உரத்துப் பேசவேண்டிய இரைச்சல். மற்றையது, பங்குனி சித்திரை வெயிலிலே மேற்றகடும் காலடித் தகடும் கக்கும் வெக்கை. இவற்றைப் போக்கும் பொருட்டுக் கிடைத்ததையெல்லாம் உட்புறத்தில் ஒட்டி மூடுவோர் பலர். கட்டடக் கூரைக்கு இடும் தார்ப்பட்டையை ஒட்டுவோர் உளர். மெத்தைக்கு இடும் பஞ்சுநுரையைப் பரப்புவோர் உளர். வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த வெள்ளித்தாட் பட்டையை மேலிருந்து கீழ்வரை இடைவெளியின்றிப் பதிப்போரும் உளர். செலவு மிகுதி; பயன் சிறிது; சில ஆண்டுகளில் விளையும் கேடோ பெரிது. பொருளைத் தெரியுமுன் குறையின் காரணத்தைத் தெரிக. நீரைத் தேக்கும் எப்பொருளையும் வண்டிக்குள் விடாதொழிக. இவ்விரண்டுமே இக்கட்டுரையின் கருத்து.

'இன்சுலேசன்' என்னும் ஒரு சொல்லாலே கடைகளில் எல்லாம் விற்கப்படுகின்றன. ஒரு சொல் பல பொருள் தருதல் செய்யுளுக்கு அழகாகலாம். கடைக்குச் செல்வோனுக்கு அஃது இடரே. அச்சொல்லுள் நான்கு பொருள்கள் அடங்கியுள்ளன. தகட்டின் நடுக்கத்தைத் தணிப்பது அதிர்வடக்கி. காற்றின் வழி வரும் ஓசையை மறிப்பது ஒலித்தடை. உள்ளே எதிரொலிக்கும் ஓசையை வாங்கிக்கொள்வது ஒலியுறிஞ்சி. வெப்பத்தை மறிப்பது வெப்பத்தடை. ஒன்று மற்றொன்றின் தொழிலைச் செவ்வனே செய்யாது.

முதலில் அதிர்வை நோக்குவோம். மெல்லிய தகடு எஞ்சினாலும் வீதியாலும் குலுங்கிப் பறைபோல் ஒலிக்கின்றது. அதனை விரல் மடக்கித் தட்டிப் பார்க்க. ஒலி நீண்டு ஒலித்தால் அத்தகட்டுக்கு அதிர்வடக்கி வேண்டும். உடனே அடங்கினால் வேண்டா. பியூற்றைல் றப்பரின்மேல் அலுமினியத்தாள் பதித்த, ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடித்த பட்டை இதற்கு ஏற்றது. தகடு நடுங்கும்போது, அதற்கும் அலுமினியத்துக்கும் இடையில் அகப்பட்ட றப்பர் இழுபட்டு, நடுக்கத்தின் ஆற்றலைச் சிறு வெப்பமாக மாற்றிவிடுகின்றது. பறைத்தோலின்மேல் உள்ளங்கையை வைத்தமாத்திரத்தே ஓசை தணிவதைக் கண்டிருக்கிறோம். அதுபோலவே, தகட்டின் நடுப்பாகத்தில் நாலிலொரு பங்களவு ஒட்டினாலே பெரும்பயன் கிட்டும். எஞ்சிய இடத்தை ஒட்டுவது பணத்தை ஒட்டுவதாகும். கூரைத் தார்ப்பட்டையோ நம் வெயிலில் இளகி நாறும். மேற்றகட்டிலும் கதவிலும் பிடிவிட்டு வழுவும்.

இனி, காற்றின் வழி வரும் ஓசை. இதற்குப் பொருள் வாங்குமுன் துவாரங்களை அடைக்கவேண்டும். ஒரு தகட்டுச் சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், எஞ்சிய தொண்ணூற்றொன்பது பங்கையும் எத்துணைக் கனமான பொருளால் மூடினும் ஒலிக்குறைவு 20 டெசிபெலைத் தாண்டாது. இது கணக்கு, மறுக்க இயலாது. எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடைப்பட்ட தகட்டுச் சுவரிலே கம்பிகளும் தண்டுகளும் நுழையும் துளைகள், கியர்த் தண்டைச் சூழ்ந்த றப்பர் உறை, கதவோரத்து றப்பர், இவையே முதலில் நோக்கத்தக்கன. இப்பணிக்கு ஆகும் செலவு சில றப்பர் வளையங்களின் விலையே. அன்றியும், இத்துளைகளின் வழியே ஓசை மட்டும் வருவதில்லை. புகைக்குழாயில் ஒழுக்கிருந்தால், நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவும் உள்ளே புகும். ஆகவே, துளையடைத்தலும் புகைக்குழாயைச் செப்பனிடலும் சுகத்துக்காக மட்டுமன்று, உயிர்க்காப்புக்காகவும் செய்யத்தக்கன.

ஓசையை மறிக்கும் கனத்த விரிப்புக்களைத் தெரிவோர் பாரத்தையும் எண்ணுதல் வேண்டும். இவ்வகை விரிப்பு ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 5 கிலோகிராம் நிறையுடையது. பத்துச் சதுர மீற்றர் பரப்பினால் 50 கிலோகிராம். 1956இல் வந்த மொறிஸ் மைனரின் 948 சீசீ எஞ்சின் தருவது 37 குதிரைவலுவே. அதன்மேல் ஒருபோதும் இறங்காத பயணி ஒருவரை ஏற்றிவைப்பது அறிவுடைமை ஆகுமா? தகட்டுச் சுவருக்கும் முன்பகுதிக் காலடிக்கும் மட்டும் அதனை இட்டால் போதும்.

வெப்பத்துக்கு வருவோம். மினுங்கும் அலுமினியத்தாள் தன்மேல் விழும் வெப்பக்கதிரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வரை திருப்பிவிடும் என்பது மெய். ஆனால், அதன் மினுங்கு முகத்துக்கு எதிரே காற்றிடைவெளி இருந்தால்தான் அது நிகழும். தகட்டோடும் விரிப்போடும் ஒட்டி அழுந்திக் கிடக்கும் தாளுக்கு வெப்பம் கதிராக வருவதில்லை, கடத்தலால் வருகின்றது. அலுமினியமோ நன்கு கடத்தும் உலோகம். பளபளப்பைக் கண்டு, அதிர்வடக்கியே வெப்பத்தையும் தடுக்கும் என நம்புவோர் ஏமாறுவது இதனாலேதான். பௌதிக பாடத்தில் வெப்பம் செல்லும் வழிகளைக் கற்கும் நம் மாணவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஆகவே, புகைக்குழாய் செல்லும் இடத்தில் அடித்தகட்டுக்குக் கீழே, ஒரு சென்ரிமீற்றரேனும் இடைவெளி விட்டு உலோகக் கவசம் பூட்டுக. மேற்றகட்டின் உட்புறத்தில், கண்ணறைகள் மூடியதும் நீரை உறிஞ்சாததுமான நுரைப்பாயை, 6 மில்லிமீற்றர் தடிப்பில், வெயிலில் இளகாத பசையால் ஒட்டுக. அப்பாய் எளிதில் தீப்பற்றாததாகவும் இருத்தல் வேண்டும். அமெரிக்க நாட்டில் 1972 முதல் நடைமுறையிலுள்ள விதியின்படி, வண்டியின் உட்பொருள் நிமிடத்துக்கு 102 மில்லிமீற்றருக்கு மேல் எரிந்து பரவலாகாது. வாங்கும்போது இத்தகைய உறுதி உண்டா எனக் கேட்க.

நிற்க. இவையனைத்தினும் முதன்மையானது நீர் பற்றிய எச்சரிக்கை. மொறிஸ் மைனருக்குத் தனியாக அடிச்சட்டம் இல்லை. அடித்தகடும் பக்கப் பெட்டிச் சட்டங்களுமே வண்டியைத் தாங்குகின்றன. அத்தகடு கறல் பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே உளுத்ததாகும். கடற்காற்றின் உப்பும் ஐப்பசி கார்த்திகை மழையும் உள்ள நம் ஊரிலே, கதவோரத்தால் ஒழுகும் நீரைப் பஞ்சுநுரையும் கந்தற்றுணிப் பட்டையும் வாங்கித் தேக்கிவைக்கும். மேலே விரிப்பு அழகாகக் கிடக்கும். கீழே தகடு சல்லடையாகும். கதவின் அடியிலுள்ள நீர்போகும் துளைகளை ஒட்டுப்பட்டையால் அடைத்துவிடுவதும் இத்தகைய கேடே. ஆதலின், முதலில் கறலைச் சுரண்டி, அழிந்த தகட்டை வெட்டி மாற்றி, மை பூசி, நன்கு உலர்ந்தபின்னரே உள்ளுறை இடத் தொடங்குக. பழைய பட்டைகளைக் கழற்றுவோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்க: அவற்றிற் சிலவற்றில் கல்நார் இருத்தல் கூடும். உலர்ந்தபடி கிழித்துத் தூளெழுப்புதல் நுரையீரலுக்குத் தீங்கு.

"வண்டியைச் செய்தவர்களே அக்காலத்தில் கந்தற்றுணிப் பட்டையைத்தானே இட்டார்கள்? பழைமை பேணுவோர் அதனையே இடவேண்டாவோ?" எனச் சிலர் வினவுவர். அவர்கள் இட்டது உண்மையே. ஆனால், தாம் செய்த வண்டி எழுபது ஆண்டு கழித்தும், கடல் சூழ்ந்த வெப்பநாடொன்றில் ஓடும் என எண்ணி அவர்கள் அதனைச் செய்திலர். பழைமை பேணல் என்பது வண்டியைப் பேணலேயன்றி, அதனை அழிக்கும் பட்டையைப் பேணலன்று. கண்ணுக்குத் தோன்றும் விரிப்பும் இருக்கையும் பழைய முறையிலேயே இருக்கட்டும். தோன்றாதிருக்கும் உள்ளுறை இக்கால அறிவின்படி இருக்கட்டும்.

வெளிநாடுகளில் வாழும் நம் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். குளிர்நாட்டார் வண்டிக்குள் உண்டாக்கிய சூட்டை வெளியே விடாமற் காக்க உள்ளுறை இடுகின்றனர். நாமோ வெளியிலுள்ள சூட்டை உள்ளே விடாமற் காக்க இடுகின்றோம். ஆதலால், அங்கே நன்றெனப் பெயர்பெற்ற பொருளெல்லாம் இங்கும் நன்றாகும் எனக் கொள்ளாது, அது நீரை உறிஞ்சுமா, வெயிலில் இளகுமா என்ற இரண்டையும் கேட்டறிந்து அனுப்புக.

தந்தையின் வண்டியை நாளை ஓட்டவிருக்கும் மாணவர்க்கும் ஒன்று. உள்ளுறை இட்டதோடு கடமை முடிந்ததன்று. அடித்தளத்து நுரைப்பாயையும் விரிப்பையும் ஒட்டாது, எடுத்து மடிக்கத்தக்கனவாக இடுக. ஆண்டுதோறும் மாரி கழிந்ததும் அவற்றைத் தூக்கி, தகட்டைக் கையால் தடவி, ஈரம் உண்டோ என நோக்கி, வெயிலில் ஒரு பகல் காயவிடுக. அந்த ஒரு பகல் வேலையே, விலையுயர்ந்த எப்பட்டையினும் மேலாக, அவ்வண்டியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்க்கும்.