பேதகம் மறுத்தோரும் பேதம் பேணியோரும்

துவாக்குடியில் தஞ்சை நெடுஞ்சாலையோரம் நின்றால் வடகிழக்கே, கொள்ளிடத்துக்கு அப்பால், ஏலாக்குறிச்சி. கிழக்கே கடலோரம் தரங்கம்பாடி. பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே நிகழ்ந்த சமயப் போர் தமிழ் உரைநடைக்கு வாய்த்த நற்பேறு என்பதை இலக்கிய அன்பர்கள் அறிவர். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். அச்சுக்கூடம் இல்லாத வீரமாமுனிவரோ வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என அடுத்தடுத்து மறுப்பு நூல்களை இயற்றினார். எதிரியின் கொள்கையை மட்டுமன்றி அவருடைய தமிழையும் எள்ளி நகையாடினார். (அந்நகைப்பில் நியாயம் உண்டு என்பதே எமது எண்ணம்.)

விசுவாசத்தைக் கள்ளப் போதனையினின்று காக்க வேண்டும் என்ற குரல் இன்றும் ஓங்கி ஒலிக்கிறது. காக்கத்தான் வேண்டும். காணிக்கை இட்டால் கடன் தீரும் என்றும், மாத்திரையை நிறுத்துவதே மெய்யான விசுவாசம் என்றும் கூறுவோரை மறுப்பது சபையின் கடமை. உயிர் போகிற காரியம் அது. எமது வினா வேறு. முந்நூறு ஆண்டுகளாகப் பேதகத்தைத் தேடித் தேடி மறுத்தவர்கள், தம் கோயிலுக்குள்ளேயே அமர்ந்திருந்த பேதகத்தை ஏன் காணவில்லை?

மதுரை மிஷனில் உயர்சாதியார்க்கு ஒருவகைத் துறவியர், தாழ்த்தப்பட்டோர்க்குப் பண்டாரசாமிகள். தரங்கம்பாடிக் கோயிலிலும் சாதிக்கேற்பத் தனித்தனி இடங்கள். மாதாவைப் பற்றியும் போப்பைப் பற்றியும் ஏடுகள் நிறையப் பொருதவர்கள் இதில் மட்டும் வேற்றுமையின்றி ஒன்றுபட்டிருந்தனர். 1833இல் பேராயர் தானியேல் வில்சன், சாதியைச் சபையினின்று அகற்றுக எனச் சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையில் பலர் சபையை விட்டே விலகினர். வடக்கன்குளத்தில் 1872இல் சாதிக்கொரு கூடமாக இரு கால் விரித்த கோயில் எழுந்தது. 1910இல் நடுத்தடுப்பு அகற்றப்பட்டதும் அதைத் தம் உரிமையெனக் கருதியோர் வழக்காடினர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் தோற்றனர். கிறிஸ்துவின் பீடத்துக்கு முன் பிரிந்து அமர்வதற்கு உரிமை வழக்கு!

தொலைவுக்குப் போவானேன்? நம் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் பிணங்களைப் பிரித்து நின்றது ஒரு சுவர். 2010இல் அதன் ஒரு பகுதியை இடிக்கத் துணிந்தோர் விசுவாசத்தின் காவலர்கள் அல்லர். கடவுளை மறுக்கும் பெரியார் இயக்கத்தார்.

'சாதி ஊர்வழக்கு; உபதேசமன்று' என்பார் உளர். கோயில் இருக்கையைப் பற்றி அவ்வாறு சொல்லித் தப்பலாம். கல்லறையில் தப்ப இயலாது. மரித்தோர் எழுவர் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் சபை, அவர்கள் எழப்போகும் மண்ணில் எழுப்புகிற சுவர், உயிர்த்தெழுதலைப் பற்றிய ஒரு போதனையே. கலாத்தியர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு அது எத்தகைய போதனை என்று நாம் விளக்க வேண்டியதில்லை. சொற்களால் பரவும் பேதகத்தைச் சொற்களால் மறுக்கலாம். செங்கல்லால் ஆனதை மறுப்பதற்கு முனிவரின் தமிழும் போதாது, கடப்பாரையும் வேண்டும்.

கள்ளப் போதகர்களைக் குறித்து எச்சரிக்கும் அடுத்த துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்குமுன், கல்லறைச் சுவர் கட்டியோரையும் பட்டியலின் தலைப்பில் சேர்க்குமாறு நம் குருக்களையும் போதகர்களையும் வேண்டுகிறோம்.