பழைய வீட்டுக்கு எந்த நிறம்?

வீட்டுக்கு வெளியே பெயிண்டு அடிக்கப் போகிறீர்களா? நல்ல காரியம். ஆனால், கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் சற்றுப் பொறுங்கள்!

எந்த நிறம் அடிப்பது என்பதில் பல வீடுகளில் சண்டையே வந்துவிடுகிறது. "பழையபடி வெள்ளையே இருக்கட்டும்" என்பார் தாத்தா. "அப்பா, எதிர் வீட்டில் ஆரஞ்சு அடித்திருக்கிறார்கள். நாம் ஊதா அடிப்போம்" என்பான் மகன். "அழுக்குத் தெரியாத நிறமாகப் பாருங்கள்" என்பார் அம்மா. மூன்று பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், கேட்க வேண்டிய இன்னொரு ஆசாமியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவர்தான் சுவர்!

என்னைக் கேட்டால், பழைய வீட்டுக்கு நிறம் பார்க்கும்போது முதல் மரியாதை சுவருக்கு. இரண்டாவது வெயிலுக்கு. மூன்றாவதுதான் நம் ஆசைக்கு.

சுவர் என்ன சுவர்?

சிமெண்டு பரவுவதற்கு முன் கட்டிய வீடுகளில் சுண்ணாம்புக் காரைதான் பூச்சு. செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்போடு கடுக்காயும், வெல்லமும், முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். அந்தச் சுவர்களின் வழவழப்பைத் தொட்டுப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட சுவருக்கு ஒரு குணம் உண்டு. மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயில் வந்ததும் அதை வெளியே விட்டுவிடும். மனிதன் மூச்சு விடுவதைப் போல!

இந்தச் சுவர் மீது பிளாஸ்டிக் போல மூடிக்கொள்ளும் பெயிண்டை அடித்தால் என்ன ஆகும்? உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாது. முதலில் கொப்புளம் கிளம்பும். பிறகு உப்புப் பூக்கும். கடைசியில் பெயிண்டு, காரையையும் பெயர்த்துக்கொண்டு விழும். எத்தனை விலை உயர்ந்த பெயிண்டு என்றாலும் கதை இதுதான்.

உங்கள் வீடு எண்பது, நூறு ஆண்டுப் பழையதா? அனுபவமுள்ள கொத்தனாரை அழைத்து, பூச்சு சுண்ணாம்பா, சிமெண்டா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு என்றால், அதற்குச் சுண்ணாம்பே அடியுங்கள். அடிக்கடி அடிக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால், செலவு குறைவு, சுவரும் பிழைக்கும்.

சுண்ணாம்பு என்றால் வெள்ளை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். காவியைக் கலந்தால் இளஞ்சிவப்பு. மஞ்சள் காவியைக் கலந்தால் சந்தன நிறம். நீலத்தைத் துளி கலந்தால் பளிச்சென்ற வெள்ளை. கூடக் கலந்தால் வானத்து நிறம். காவிகள் மண்ணிலிருந்து வருபவை. சுண்ணாம்பின் காரத்துக்கும் அஞ்சாது, வெயிலுக்கும் எளிதில் வெளுக்காது.

வெயில் சொல்லும் தீர்ப்பு

சுவர் சிமெண்டுப் பூச்சு என்றால் எமல்சன் பெயிண்டு அடிக்கலாம். அப்போதும் நிறத்தில் கவனம் வேண்டும்.

புது வெள்ளைச் சுவர், தன் மீது விழும் வெயிலில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். கரும்பச்சை, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களோ பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். விழுங்கிய சூடு எங்கே போகும்? இரவில் வீட்டுக்குள் வரும்! பிற்பகல் முழுவதும் வெயில் காயும் மேற்குச் சுவருக்கு அடர்ந்த நிறம் அடித்துவிட்டு, உள்ளே மின்விசிறியைக் குறை சொல்வதில் பயன் இல்லை.

இன்னொரு நஷ்டமும் உண்டு. கண்ணைப் பறிக்கும் ஊதாவும், ரோஜா நிறமும் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். அதிலும் ஒரே சீராக வெளுக்காது. வெயில் படும் இடம் ஒரு நிறம், சன்னலுக்கு மேல் நிழல் விழும் இடம் ஒரு நிறம் என்று திட்டுத் திட்டாகிவிடும்.

"அப்படியானால் ஆசைக்கு இடமே இல்லையா?" என்று கேட்கலாம். ஏன் இல்லை? கதவு, சன்னல், தூண், கைப்பிடிச் சுவர் இருக்கின்றனவே! பெரிய சுவருக்கு இளநிறம். சிறிய இடங்களுக்கு உங்கள் ஆசை நிறம். புதுச்சேரி கடற்கரைப் பக்கத்துப் பழைய வீதிகளைப் பாருங்கள். மஞ்சள் சுவர், வெள்ளை ஓரம். இரண்டே நிறம்; எவ்வளவு அழகு!

அம்மாவின் கவலைக்கும் வழி இருக்கிறது. சுவரின் அடியில் இரண்டு, மூன்று அடி உயரத்துக்குக் காவி அடியுங்கள். மழை தெறிக்கும் சேறு கண்ணுக்குத் தெரியாது.

தெருவையும் பாருங்கள்

ஜெய்ப்பூர் நகரத்தை 1876-ம் ஆண்டில் ஆங்கில இளவரசரை வரவேற்பதற்காக இளஞ்சிவப்பாக மாற்றினார்கள். அந்த ஒரே நிறம் ஊருக்கே பெயர் வாங்கித் தந்தது. நம் தெருவை அப்படி ஆக்க வேண்டியதில்லை. ஆனால், பக்கத்து வீட்டோடு போட்டி போடாத நிறம் என்றால் இரண்டு வீடும் அழகாகத் தெரியும்.

குழந்தைகள் ஜாக்கிரதை!

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. பழைய கதவு, சன்னல் கம்பிகளில் இருக்கும் பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்தவை?

எனவே, பழைய பெயிண்டை உலர்ந்தபடி சுரண்டக் கூடாது. தண்ணீர் தொட்டு, உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது குழந்தைகளையும், கர்ப்பிணிகளையும் அப்பால் வையுங்கள். விழும் தூளை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வேலை செய்யும் பெயிண்டருக்கும் குழந்தைகள் உண்டு; அவருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

எப்போது? எவ்வளவு?

பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். சுண்ணாம்புக்கு மார்கழி பொருத்தமான மாதம்தான். சற்று ஈரம் இருந்தாலும் அது கோபித்துக்கொள்ளாது. எமல்சன் அப்படியல்ல. மழை ஈரம் முழுவதும் காய வேண்டும். ஆகையால் மாசி, பங்குனி வரை பொறுப்பது நல்லது. புதிதாகச் சிமெண்டுப் பூச்சு பூசியிருந்தால், நான்கு வாரமாவது விடுங்கள்.

ஒரு லிட்டர் எமல்சன், இரண்டு கோட் அடிக்கும்போது சுமார் 50 முதல் 60 சதுர அடி வரும். சுவர் 1,000 சதுர அடி என்றால் 17 முதல் 20 லிட்டர் வேண்டும். சொரசொரப்பான சுவர் இன்னும் கூடக் குடிக்கும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் யாரும் ஏமாற்ற முடியாது.

கடைசியாக ஒன்று. கடையில் காட்டும் அட்டையையோ, கைபேசியில் வரும் படத்தையோ நம்பி நிறத்தை முடிவு செய்யாதீர்கள். பெரிய சுவரில் ஏறும்போது நிறம் இன்னும் தூக்கலாகத் தெரியும். சிறிய டப்பா வாங்கி, சுவரில் இரண்டடிச் சதுரத்துக்கு அடித்துப் பாருங்கள். காலை, உச்சி வேளை, மாலை என்று மூன்று பொழுதும் பாருங்கள். தாத்தாவும், அம்மாவும், மகனும் சேர்ந்து பார்க்கட்டும். செலவு சில நூறு ரூபாய்; மிச்சமாவது பல ஆயிரம்!